மாஸ்டர் பாட்டின் கடைசி இரண்டு வரி

தையல்கடை மாஸ்டரின் இரண்டு சொத்துகளில் யாரும் கை வைக்கக் கூடாது. ஒன்று அவருடைய கத்திரிக்கோல், இன்னொன்று அவர் கட்டிய பாட்டு. கத்திரிக்கோலை எடுத்து யாராவது காகிதம் வெட்டிவிட்டால் அன்று பூராவும் முகம் கொடுத்துப் பேசமாட்டார். பாட்டை மாற்றிப் பாடினால் என்ன செய்வார் என்பதற்கு அவர் ஜெயிலுக்குப் போன கதையே சாட்சி. அந்தக் கதையைச் சொல்லி ஊரே சிரிக்கும். அவர் மனைவி மட்டும் சிரிக்கமாட்டாள். ஏனென்றால் அவர் ஜெயிலில் இருந்த காலத்தில் அவருடைய பாட்டில் கை வைத்தவள் அவள்தான். ஏதோ ஒரு சொல் என்றாலும் பரவாயில்லை, முழுசாக இரண்டு வரி.

அவளைத் தெருவில் எல்லோரும் காஜாக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டையில் பொத்தான் நுழையத் துளை வெட்டி, அந்தத் துளையைச் சுற்றி நூலால் கட்டுவதற்குக் காஜா எடுப்பது என்று பெயர். அதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மாஸ்டர் வெட்டுவார், அவள் தைப்பாள். கடையின் முன்பக்கம் வெட்டுகிற மேஜை, அதற்குப் பின்னால் இரண்டு மிஷின், மூலையில் துணியைப் போட்டுப் பார்க்க ஒரு திரை, திரைக்குள் ஒரு முக்காலியும் ஆளுயரக் கண்ணாடியும். அதையும் தாண்டினால் ஓர் அறையும் ஒரு சமையல் கட்டும். வீடு என்பது அவ்வளவுதான்.

நாடு அப்போது வெளியார் கையில் இருந்தது. அதைப் பற்றிப் பேசினால் குற்றம், எழுதினால் அதைவிடப் பெரிய குற்றம். மாஸ்டர் கூட்டத்தில் பேசுகிற ஆள் இல்லை. நாலு பேரை மொத்தமாகப் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் துணி வெட்டும்போது வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருப்பார். அளவை மனப்பாடம் செய்கிறார் என்று வாடிக்கைக்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவர் பாட்டுக் கட்டிக்கொண்டிருப்பார். ஒரு கோட்டுத் துணியை மத்தியானத்துக்குள் வெட்டிப் போட்டுவிடுகிற மனுஷர், ஒரு சொல்லுக்காக நாள் கணக்கில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வெறித்துப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

"அந்தச் சொல் கிடைக்கலன்னா சாப்பாடு இறங்காதா?" என்று காஜாக்கா கேட்பாள்.

"இறங்கும். ருசிக்காது," என்பார்.

முதலில் அவரும் காகிதத்தில்தான் எழுதினார். அவருடைய சிநேகிதர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவர் வீட்டைச் சோதனை போட்டபோது மாஸ்டர் எழுதிக் கொடுத்த பாட்டு அகப்பட்டது. யார் எழுதியது என்று வாத்தியார் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. அதற்காக அவரை உள்ளே தள்ளினார்கள். அன்றையிலிருந்து மாஸ்டர் பேனாவைத் தொடவில்லை. "இனிமே காகிதம் நீதான்," என்று மனைவியிடம் சொன்னார்.

அப்படித்தான் காஜாக்கா அவருடைய காகிதம் ஆனாள். அவர் மேஜையில் நின்று ஒவ்வொரு வரியாகச் சொல்வார், அவள் மிஷினை மிதித்துக்கொண்டே கேட்பாள். மிதிக்கிற தாளத்தோடு ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், தலைக்குள் தைத்து முடித்த மாதிரி. பிறகு துணி போட்டுப் பார்க்கப் பெண்கள் வருவார்கள். ஆலையில் வேலை செய்கிறவர்கள், கடைக்காரர்களின் மனைவிகள், ஆஸ்பத்திரி நர்சுகள். திரைக்குள் அவர்களை நிற்கவைத்து, குண்டூசியை வாயில் கடித்தபடி இடுப்பைப் பிடித்துக் குத்திக்கொண்டே, காதோரம் பாட்டைச் சொல்லிக் கொடுப்பாள். ஒரு சட்டை சரியாக உட்காருவதற்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் வரலாம், யாரும் ஏன் என்று கேட்கமுடியாது. நீளமான பாட்டுக்குச் சட்டை நாலு தடவை இறுகும், நாலு தடவை தளரும். இப்படியாக ஊரிலுள்ள பெண்கள் எல்லோருக்கும் பாட்டுத் தெரிந்திருந்தது, கட்டியவர் யார் என்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது. யாரோ பெரிய படிப்புப் படித்தவர் என்றுதான் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் மாஸ்டர் கத்திரிக்கோலைக் கொஞ்சம் வேகமாக ஓட்டுவார்.

இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகம் இல்லாமல் இல்லை. ஒரு நாள் ஆட்களோடு வந்து கடையைத் தலைகீழாகப் புரட்டினார். அளவுக்காக வெட்டி வைத்திருந்த பழுப்புக் காகிதங்களை எல்லாம் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றில் சாக்குக் கட்டியால் எண்கள் எழுதியிருந்தன. பக்கத்தில் அம்புக்குறி வேறு.

"என்னய்யா இது, ரகசிய பாஷையா?"

"உங்க இடுப்பு சார். போன தடவைக்கு இப்ப கூடியிருக்கு, அதான் அம்பு," என்றார் மாஸ்டர்.

கூட வந்த போலீஸ்காரர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டர் அந்தக் காகிதத்தை மட்டும் மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

இவ்வளவு சாமர்த்தியமாக இருந்த ஆள் அகப்பட்டது வெறும் ரோஷத்தால். ஆலை வாசலில் வேலைநிறுத்தக் கூட்டம். மாஸ்டர் கூட்டத்தின் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தொழிலாளி மேடை ஏறி அவருடைய பாட்டைப் பாடினான். நல்ல குரல்தான், ஆனால் மூன்றாவது பத்தியை முதலில் பாடிவிட்டு, முதல் பத்தியை நடுவில் செருகினான். மாஸ்டர் பல்லைக் கடித்துப் பார்த்தார், கண்ணை மூடிப் பார்த்தார். நாலு பேரைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்கிற மனுஷர், அத்தனை ஆயிரம் பேரைத் தள்ளிக்கொண்டு மேடை ஏறி, "அப்படி இல்லப்பா, அதை நான் அப்படியா கட்டினேன்?" என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து கடைசிவரை தானே பாடினார். கூட்டத்தில் சாதாரண உடுப்பில் நின்றிருந்த இன்ஸ்பெக்டர், மாஸ்டர் தைத்துக் கொடுத்த கால்சட்டையோடே வந்து அவரைக் கைது செய்தார்.

விஷயத்தைக் கேட்டபோது காஜாக்காவுக்கு முதலில் வந்தது கோபம். பிறகுதான் அழுகை. தேசத்துக்காகப் போனார் என்று அப்போது ஊர் சொல்லிற்று, மூன்றாவது பத்திக்காகப் போனார் என்று அவளுக்குத் தெரியும். அவர்களுக்கு ஒரே மகள். சோதனையும் பூட்ஸ் காலும் பார்த்து வளரவேண்டாம் என்று அவளை வெளியூரில் தன் அக்கா வீட்டில் ஏற்கெனவே விட்டிருந்தாள். இப்போது வீட்டில் அவள் ஒருத்தி, இரண்டு மிஷின்.

மாதம் ஒரு முறை ஜெயிலில் பார்க்கவிடுவார்கள். கம்பிக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர், நடுவில் பல் குத்திக்கொண்டு ஒரு வார்டர். ஒரு தடவை வார்டர் கொஞ்சம் தள்ளிப் போன சமயம் பார்த்து மாஸ்டர் குரலைத் தாழ்த்தி ஒரு புதுப் பாட்டைச் சொன்னார். அதுவரை அவர் கட்டியதிலேயே அதுதான் நல்ல பாட்டு. கேட்டதும் அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. செருப்பில்லாத கால்கள் நடந்து நடந்து பாதை ஆவதைப் பற்றிய பாட்டு. கடைசியில் இப்படி முடிந்தது:

பெற்றவளே, போனவனை மறந்துவிடு,
கொடுத்த கை திரும்பக் கேட்டு நீளக் கூடாது.

"திருப்பிச் சொல்லு," என்றார். அவள் ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "விடுதலையாகிப் போறவங்க ரெண்டு மூணு பேர்கிட்டயும் சொல்லி அனுப்பியிருக்கேன். ஆனா அவங்க எப்படிச் சொல்வாங்களோ. உன் வாயில மட்டும்தான் எதுவும் மாறாது," என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது வழியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசி இரண்டு வரி வரும்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மறந்துவிடு என்று சொல்வதற்கு இவருக்கு என்ன, மகளுக்குக் காய்ச்சல் என்று கடிதம் வந்தால் படிக்கிறவள் நான்தானே என்று நினைத்தாள். ஆனாலும் அவர் வரி அவர் வரி. அவள் வெறும் காகிதம்தானே, காகிதத்துக்கு என்ன அபிப்பிராயம் இருக்கமுடியும்?

புதுப் பாட்டைக் கேட்க முதலில் வந்தது மருந்துக்கடைக்காரரின் மனைவி. வயதில் மூத்தவள், அதிர்ந்து பேசமாட்டாள். அவளுடைய ஒரே மகன் ஊர்வலத்தில் போய் அதே ஜெயிலில்தான் இருந்தான். பார்க்கவிடவில்லை, கடிதமும் இல்லை. மகனுடைய சட்டை ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். காலர் நைந்துபோயிருந்தது.

"இதைத் திருப்பித் தச்சுக் குடு காஜாக்கா. வந்தா போட்டுக்கட்டும்," என்றாள். பிறகு திரைக்குள் போய் முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள். "அங்கேருந்து பாட்டு வந்திருக்காமே. என் பையனும் அதைக் கேட்டிருப்பான்ல? சொல்லேன்."

காஜாக்கா சொல்ல ஆரம்பித்தாள். அந்த அம்மா ஒவ்வொரு வரியையும் வாய்க்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தாள், ஏதோ மகனே எழுதிய கடிதத்தைப் படிக்கிற மாதிரி. பெற்றவளே என்றதும் தலையை நிமிர்த்தி நேராக முகத்தைப் பார்த்தாள். அதற்கு மேல் காஜாக்காவுக்கு வாய் வரவில்லை. மறந்துபோகவில்லை, வரி நாக்கு நுனியில் நின்றது. அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்கிற தைரியம்தான் இல்லை. அவளுக்கே தெரியாமல் வேறு ஏதோ வந்தது:

பெற்றவளே, கதவுக்குத் தாழ்ப்பாள் போடாதே,
போனவன் வருவான், பசியோடு வருவான்.

மருந்துக்கடைக்காரம்மா அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். எழுந்து காஜாக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மாஸ்டர் தம்பிக்கு என் மனசு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அடுத்து வந்தவளுக்காவது சரியாகச் சொல்லிவிடவேண்டும் என்று காஜாக்கா தீர்மானம் செய்திருந்தாள். ஆனால் அடுத்து வந்த சைக்கிள் கடைக்காரர் மனைவி, "தாழ்ப்பாள் பாட்டு புதுசா வந்திருக்காமே" என்றுதான் ஆரம்பித்தாள். அவளுடைய மகனும் தலைமறைவாக எங்கேயோ அலைந்துகொண்டிருந்தான். அவளிடம் போய் மறந்துவிடு என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. விடுதலையாகி வந்தவர்கள் மாஸ்டர் சொன்னபடி சரியாகத்தான் பாடினார்கள். பெண்கள் அவர்களைத் திருத்திவிட்டார்கள்.

அதோடு நிற்கவில்லை. பாட்டில் சொன்னபடி தெருப் பெண்கள் நிஜமாகவே தாழ்ப்பாள் போடுவதை விட்டார்கள். திருடர்கள் வரவில்லையா என்றால் வந்தார்கள், ஒரு வீட்டில் வெந்நீர்ப் பாத்திரம் காணாமல் போயிற்று. ஆனால் போலீஸுக்குத் தப்பி ஓடுகிற பையன்கள் எந்தத் தெருவில் எந்தக் கதவைத் தள்ளினாலும் திறந்தது. உள்ளே ஒரு தட்டுச் சாப்பாடு மூடி வைத்திருந்தது. சாப்பிட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனார்கள். கதவை உடைத்துப் பழகிய போலீஸ்காரர்களுக்குத்தான் சங்கடம். தள்ளினால் திறக்கிற கதவையும், "யாரு, உள்ள வாங்க" என்கிற குரலையும் என்ன செய்வது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

காலம் மாறிற்று. வெளியார் போகப்போவது நிச்சயமாகி, ஜெயில்களைத் திறந்துவிட்டார்கள். மாஸ்டர் வந்தார். ஆள் பாதியாகியிருந்தார், முடி முழுதும் வெளுத்திருந்தது. முதல் நாள் சாயங்காலம் தெருவில் நடந்துவிட்டுத் திரும்பியவர், "என்ன ஒருத்தரும் கதவைச் சாத்தலை? ஊருக்கே மறதியா?" என்று கேட்டார்.

"உங்க பாட்டுலதானே சொல்லியிருக்கீங்க," என்று எதிர்க் கடைக்காரர் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் பாடியும் காட்டினார்.

மாஸ்டர் அன்று சாப்பிடவில்லை. "பசியோடு வருவானாம். என் பாட்டுல எங்கயாவது சாப்பாட்டைப் பத்தி இருக்கா? நான் என்ன பாட்டா கட்டினேன், ஓட்டலா நடத்தினேன்? ஒரு தேசம் எழுந்து நிக்குற இடத்துல தாழ்ப்பாளைக் கொண்டுவந்து வச்சிருக்கான். எவனோ பயந்தாங்கொள்ளி. விடுதலையாகி வந்த பயல்கள்ல ஒருத்தன் வேலை இது." கொஞ்ச நேரம் கழித்து அவளைப் பார்த்து, "நீ சரியாத்தானே சொல்லிக் குடுத்தே?" என்றார். கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை, ஆறுதலுக்காகச் சொல்லிக்கொண்டார். அவள் பாத்திரம் கழுவ எழுந்துபோனாள்.

மறுநாள் காலையில் மருந்துக்கடைக்காரம்மா கடைக்கு வந்தாள். மாஸ்டர் மேஜையில் இருந்தார். "தம்பி, என் பையனை அங்க பார்த்தீங்களா?" என்று கேட்டாள். மாஸ்டர் சாக்குக் கட்டியை எடுத்து, வெறும் துணியில் ஒரு கோடு போட்டார். "எங்க பிளாக் வேறம்மா. பாதிப் பேரை வேற ஊர் ஜெயிலுக்கு மாத்திட்டாங்க," என்றார். "அப்ப இன்னும் கொஞ்ச நாள்ல வந்துடுவான்," என்று சொல்லிவிட்டு அவள் போனாள். மாஸ்டர் அந்தக் கோட்டை வெகுநேரம் அழித்துக்கொண்டிருந்தார்.

கொடி ஏற்றுகிற நாள் வந்தது. சதுக்கத்தில் பெரிய கூட்டத்துக்கு ஏற்பாடு. கொடி ஏறியதும் மாஸ்டர் தன் பாட்டைப் பாடவேண்டும் என்று கமிட்டிக்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள். "பாடறேன். என் பாட்டை நான் கட்டினபடி பாடறேன்," என்றார் மாஸ்டர். அதைச் சொன்னபோது அவர் முகம் ஆலை வாசல் மேடைக்கு ஏறிய நாளில் எப்படி இருந்திருக்கும் என்று காஜாக்காவுக்குப் புரிந்தது. சதுக்கத்தின் முன்வரிசையில் மருந்துக்கடைக்காரம்மா நிற்பாள். அவளைப் பார்த்து ஒலிபெருக்கியில் மறந்துவிடு என்று இவர் சொல்வார். அதற்குள் வரியை மாற்றியது தான்தான் என்று சொல்லித்தான் ஆகவேண்டும், சொன்னால் இந்த மனுஷர் தன்னோடு இனி பேசுவாரா என்பது தெரியாது. நாட்டுக்குத் துரோகம் செய்தால்கூட மன்னிப்பார், வரியில் கை வைத்தால் மன்னிக்கமாட்டார்.

கூட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம், தொண்டர் சட்டைகளுக்கு அவர் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவள் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். ஊசியை எடுத்துத் துணியில் குத்தி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"என்னங்க, அந்த ரெண்டு வரியும் நான் போட்டது."

அவர் இஸ்திரிப் பெட்டியை நகர்த்துவதை நிறுத்தவில்லை. "எந்த ரெண்டு வரி?" என்றார். அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

"தாழ்ப்பாள் வரி. எவனோ பயந்தாங்கொள்ளின்னீங்களே, அது நான்தான்."

இஸ்திரிப் பெட்டி நின்றது. சட்டை தீயாமல் இருக்க அவளே எழுந்து அதைத் தூக்கி நிறுத்தி வைத்தாள். அவர் முகம் சிவந்து வெளுத்தது.

"மறந்துட்டியா?" என்று கடைசியில் கேட்டார். அப்படியாவது இருக்கக் கூடாதா என்கிற மாதிரி.

"மறக்கல. இப்பவும் சொல்றேன் கேளுங்க." அவருடைய இரண்டு வரியையும் பிசகாமல் சொன்னாள். "மருந்துக்கடைம்மா முதல்ல வந்தாங்க. அந்த முகத்தைப் பார்த்து எனக்கு இதைச் சொல்ல முடியல. நீங்க கம்பிக்குப் பின்னாடி உக்காந்து சொல்லிட்டீங்க, அங்க பெத்தவ யாரும் இல்ல. நான் திரைக்குள்ள அவங்க முகத்துக்கு முன்னாடி சொல்லணும். திட்டுறதா இருந்தா திட்டுங்க."

மாஸ்டர் திட்டவில்லை. மேஜைக்கு முன்னாலிருந்த ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தார்.

"அந்தப் பையன் செத்துட்டான்," என்றார்.

அவளுக்கு முதலில் கேட்டது விளங்கவில்லை.

"என் பிளாக்தான். அடுத்த பாய். காய்ச்சல் வந்துது, டாக்டரைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினோம், ஒருத்தனும் வரல. விடியக்காலைல போயிட்டான். வேற ஜெயிலுக்கு மாத்தினதா எழுதிக்கிட்டாங்க. நாங்க அத்தனை பேரும் பார்த்தோம். விடுதலையாகிப் போனவங்களுக்கும் அதை வந்து சொல்ற தைரியம் வரல." அவர் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "அதுக்கப்புறம்தான் அந்தப் பாட்டைக் கட்டினேன். பெத்தவளே மறந்துவிடுன்னு, அவன் அம்மாவுக்குத்தான் கட்டினேன். அவங்க இனி காத்திருக்க வேண்டாமேன்னு. நேர்ல வந்து கேட்டப்ப வேற பிளாக்னு சொல்லிட்டேன்."

காஜாக்காவுக்கு அவர்மேல் கோபம் வந்தது, தன்மேல் அதைவிட அதிகம் வந்தது. வருவான் என்று சொல்லி அந்த அம்மாவை இத்தனை காலம் வாசலில் உட்காரவைத்தவள் அவள்தானே. இரக்கம் என்று நினைத்துச் செய்தது இப்படி ஒரு கொடுமையாக முடிந்திருக்கிறது. வரியை மாற்றியவளும் சரி, கட்டியவரும் சரி, அந்த அம்மாவின் முகத்துக்கு முன்னால் ஒரே மாதிரிதான் கோழையாகியிருந்தார்கள். அடுத்த வீட்டு ரேடியோவில் நாளைய ஊர்வலத்தின் ஒத்திகை கேட்டுக்கொண்டிருந்தது.

"எழுந்திருங்க. போய்ச் சொல்லிட்டு வந்துடலாம். கூட்டத்துல வச்சு அவங்களுக்குத் தெரியக் கூடாது," என்றாள்.

மருந்துக்கடை வீட்டுக் கதவு ஒருக்களித்துக் கிடந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். அந்த அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கணவர் கடையில் இருந்தார். மாஸ்டர் உட்காரவில்லை, நின்றபடியே சொன்னார். எதையும் மெருகேற்றவில்லை, ஒரு சொல்லைக்கூடத் தேடவில்லை. அவர் அப்படிப் பேசிக் காஜாக்கா கேட்டதே இல்லை.

அந்த அம்மா மடித்த துணியை மடியிலேயே வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். "தண்ணி கேட்டானா?" என்றாள்.

"கேட்டான். குடுத்தேன்மா. தலை என் மடியிலதான் இருந்துது."

"நீங்க குடுத்தீங்களா?"

"நான்தான் குடுத்தேன்."

அதற்குப் பிறகு அவள் அழுதாள். காஜாக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவளைப் பிடித்துக்கொண்டாள். "அந்த வரி உங்ககிட்ட பொய் சொல்லிடுச்சும்மா. மாஸ்டர் எழுதினது இல்ல அது, நான் போட்டது. நாளைக்கு அவர் சரியானதைப் பாடிடுவார்," என்று அவளும் அழுதாள்.

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாஸ்டரைப் பார்த்தாள்.

"தம்பி, நாளைக்கு அதை மாத்திடாதீங்க."

மாஸ்டர் காஜாக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"சைக்கிள் கடைக்காரர் பையன் இன்னும் வரல," என்றாள் அந்த அம்மா.

மறுநாள் சதுக்கத்தில் கொள்ளாத கூட்டம். கொடி ஏறியது, எல்லோரும் கை தட்டினார்கள், மாஸ்டரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவர் பாட்டை ஆரம்பித்தார். காஜாக்கா பெண்களோடு நின்றிருந்தாள். இன்னமும் அவருடைய ரோஷத்தை அவளால் முழுசாக நம்ப முடியவில்லை. கடைசிப் பத்தி வந்தது. பெற்றவளே என்று சொல்லிவிட்டு மாஸ்டர் முன்வரிசையைப் பார்த்தார். பிறகு காஜாக்காவின் வரியைப் பாடினார். ஒரு எழுத்தும் மாற்றாமல், அவருடைய சொந்த வரியைப் பாடுகிற அதே அழுத்தத்தோடு பாடினார்.

கூட்டத்திலிருந்த பெண்கள் எல்லோரும் கூடவே எடுத்துக்கொண்டார்கள். முன்வரிசையில் மருந்துக்கடைக்காரம்மா, சைக்கிள் கடைக்காரர் மனைவியின் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்தபடி பாடினாள். போனவன் வருவான், பசியோடு வருவான்.